நரம்பில் 'கரண்ட்' எப்படிப் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோராம் வகுப்பு விலங்கியலில் நரம்பு மண்டலப் பாடம் தொடங்கிவிட்டது என்பது எனக்கு போன் அடிப்பதிலேயே தெரிந்துவிடும். பிள்ளைகள் கேட்பது ஒரு பங்கு என்றால், அவர்களைப் பெற்றவர்கள் கேட்பது இரண்டு பங்கு. பல வருடங்களாகக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே போட்டிருக்கிறேன். எண் கொடுத்திருப்பதற்குக் காரணம், சொன்னதையே திரும்பச் சொல்லாமல் "4-ஐப் பாருங்கள்" என்று தப்பித்துக்கொள்ளத்தான்.

1. கையில பச்சை பச்சையா தெரியுதே, அதுக்குள்ளதான் கரண்ட் ஓடுதா சார்?

இல்லை, அது ரத்தக் குழாய். சிரை என்று பெயர். பேச்சு வழக்கில் அதையும் நரம்பு என்கிறோம். ஊசி போட வருபவர் "நரம்பு கிடைக்கல" என்பதும், கோபத்தில் கழுத்து நரம்பு புடைப்பதும் சிரையைப் பற்றிய பேச்சுதான். இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் நரம்பு உள்ளே ஆழத்தில் போவது. கோழித் தொடைக் கறியைப் பிரித்தால் தசைகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளை நூல் ஒன்று போகும், அதுதான்.

அந்த நூலும் ஒரே செல் அல்ல, ஆயிரக்கணக்கான நரம்பு செல்களின் நீண்ட வால்களைக் கட்டாகக் கட்டியது. அந்த வாலுக்கு ஆக்ஸான் என்று பெயர். செல் உடல் முதுகுத்தண்டில் இருக்க, ஆக்ஸான் கால் விரல் வரை கிட்டத்தட்ட 1 மீட்டர் போவதுண்டு. செல்லின் இன்னொரு பக்கம் கிளை கிளையாக இருப்பவை டென்ட்ரைட்டுகள். அவை செய்தியை வாங்கும், ஆக்ஸான் அனுப்பும்.

2. நிஜமாவே கரண்டா? இல்ல சும்மா பேச்சுக்குச் சொல்றதா?

நிஜமான மின்சாரம்தான், ஆனால் வீட்டு வயரில் வருகிற மாதிரி இல்லை. வயரில் எலக்ட்ரான்கள் வயரின் நீளவாக்கில் நகரும். நரம்பில் நகர்பவை சோடியம், பொட்டாசியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் உள்ள அணுக்கள். அதைவிடப் பெரிய வித்தியாசம் அவை போகும் திசை. மூளையில் கிளம்பிய சோடியம் கால் வரை ஓடி வருவதில்லை. ஆக்ஸானின் சுவரைக் குறுக்காகக் கடந்து வெளியிலிருந்து உள்ளே நுழைகிறது, அவ்வளவுதான். அது நுழைந்ததால் பக்கத்து இடத்தின் மின்னழுத்தம் மாறி, அங்கே வெளியில் நிற்கும் சோடியம் உள்ளே நுழைகிறது. அப்புறம் அதற்கும் பக்கத்தில்.

சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வெடியில் இருந்த மருந்து கடைசி வெடிக்கு ஓடிப் போவதில்லை. ஒவ்வொரு வெடியும் தன் மருந்தில் தானே வெடித்து அடுத்ததைப் பற்றவைக்கிறது. நூறாவது வெடியும் முதல் வெடி போலவே முழுச் சத்தத்தோடு வெடிப்பது அதனால்தான். ஆக்ஸான் வெறும் உப்புத்தண்ணீர்க் குழாயாக இருந்தால் சிக்னல் சில மில்லிமீட்டருக்குள் தேய்ந்து காணாமல் போயிருக்கும். வழியெல்லாம் புதிதாகப் பிறப்பதால்தான் 1 மீட்டர் போன பிறகும் அதே உயரத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் வேறு: சரவெடி ஒரு தடவையோடு சரி, நரம்பு சில மில்லிநொடியில் தன்னைத் தானே மறுபடி கோத்துக்கொள்ளும்.

3. உடம்புக்குள்ள கரண்ட் இருக்குன்னு முதல்ல யாருக்குத் தோணுச்சு?

இத்தாலியின் போலோன்யா நகரத்தில் இருந்த லூயிஜி கால்வானிக்கு. 1780களில், செத்த தவளையின் காலில் நரம்பை உலோகம் தொட்டபோது கால் துடிப்பதைப் பார்த்தார். விலங்கின் உடலுக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791-இல் எழுதினார். அலெஸாண்ட்ரோ வோல்டா ஒத்துக்கொள்ளவில்லை. "மின்சாரம் தவளையில் இல்லை, நீங்கள் தொட்ட இரண்டு உலோகங்களில் இருக்கிறது" என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்கப் போய் 1800-இல் அவர் செய்து காட்டியதுதான் முதல் பேட்டரி. அந்தச் சோதனையைப் பொறுத்தவரை வோல்டா சொன்னதில் நியாயம் இருந்தது, உடம்பைப் பொறுத்தவரை கால்வானி சொன்னதில். இப்படி இரண்டு பக்கமும் லாபமாக முடிந்த சண்டை அறிவியலில் அதிகம் இல்லை.

4. சும்மா இருக்கும்போதே மைனஸ் 70 மில்லிவோல்ட்னு போட்டிருக்கே, அது எங்கிருந்து வருது?

இந்த ஒரு பதிலை மட்டும் நிதானமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. நரம்பு செல்லைச் சுற்றி இருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. அயனி எதுவும் அதைக் கடக்க முடியாது. கடப்பதற்கென்று புரதத்தால் ஆன கால்வாய்கள் அங்கங்கே உண்டு. செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். வெளியே அது 4 அல்லது 5தான். சோடியம் அப்படியே தலைகீழ்: வெளியே சுமார் 145, உள்ளே பத்துப் பதினைந்து.

சும்மா இருக்கும் சவ்வில் எப்போதும் திறந்து கிடப்பவை பெரும்பாலும் பொட்டாசியக் கால்வாய்கள். நெரிசலான இடத்திலிருந்து காலி இடத்துக்குப் பொட்டாசியம் கசிகிறது. ஒவ்வொரு அயனியும் ஒரு பிளஸ்ஸை எடுத்துக்கொண்டு போகிறது. அதற்கு ஜோடியாக உள்ளே இருந்த மைனஸ் சரக்கு, பெரும்பாலும் புரதங்களும் பாஸ்பேட்டுகளும், கூடவே போக முடியாமல் தங்கிவிடுகிறது. உள்பக்கம் மைனஸ் ஆகிறது. மைனஸ் ஆக ஆக அது பொட்டாசியத்தைத் திரும்ப உள்ளே இழுக்கிறது. வெளியே தள்ளும் நெரிசலும் உள்ளே இழுக்கும் மின்விசையும் சமமாகும் இடம் சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட்.

அப்படியானால் 70 எப்படி வந்தது? சோடியமும் கொஞ்சம் உள்ளே கசிவதால். அது 90-ஐ 70-க்குத் தூக்கிவிடுகிறது. செல்லுக்குச் செல் இந்த எண் மாறும், 65 என்று ஒரு புத்தகத்தில் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

5. சோடியம் பொட்டாசியத்தைவிடச் சின்னதாச்சே. பொட்டாசியம் போற ஓட்டையில அது ஏன் போகாது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்ட பெண் கடைசி பெஞ்ச். தண்ணீரில் இருக்கும் அயனி தனியாக இருப்பதில்லை, தண்ணீர் மூலக்கூறுகளைச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டிருக்கும். கால்வாயின் குறுகிய பகுதியில் நுழைய அந்தச் சட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்குச் செலவாகும் ஆற்றலை யாராவது ஈடுகட்ட வேண்டும். பொட்டாசியக் கால்வாயின் உள்சுவரில் ஆக்சிஜன் அணுக்கள் சரியாகப் பொட்டாசியத்தின் அளவுக்கு வளையமாக நிற்கின்றன. தண்ணீர் விட்ட இடத்தை அவை பிடித்துக்கொள்ளும். சோடியம் சின்னது என்பதால் அந்த வளையம் அதற்குத் தொளதொளவென்று இருக்கும், சுவர் எட்டாது. சட்டையைக் கழற்றினால் நஷ்டம் என்று அது வெளியிலேயே நின்றுவிடும்.

இதை ராடெரிக் மெக்கின்னன் 1998-இல் எக்ஸ்-கதிர் படமாகவே காட்டினார். 2003-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

6. அப்போ செல்லுக்கு உள்ள முழுக்க நெகட்டிவ்தானா?

இல்லை. உள்ளே பிளஸ்ஸும் மைனஸும் கிட்டத்தட்ட சமம். கூடுதல் மைனஸ் என்பது சவ்வின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய ஏடு மட்டும். ஒரு சாதாரண நரம்பு செல் உடலில், 70 மில்லிவோல்ட் உண்டாக்கப் பத்தாயிரம் பொட்டாசியத்தில் ஒன்றுகூட வெளியேற வேண்டியதில்லை.

70 மில்லிவோல்ட் என்றால் டார்ச் பேட்டரியில் இருபதில் ஒரு பங்குதானே என்று அலட்சியமாகவும் நினைக்க வேண்டாம். சவ்வின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். அந்த இடைவெளிக்குள் 70 மில்லிவோல்ட் என்பது சென்டிமீட்டருக்கு 1 லட்சம் வோல்ட் கணக்கு. காற்றில் தீப்பொறி பறக்கவே சென்டிமீட்டருக்குச் சுமார் 30 ஆயிரம் போதும்.

7. சோடியம்-பொட்டாசியம் பம்ப்தானே சிக்னலை உண்டாக்குது? நோட்ஸ்ல அப்படித்தான் இருக்கு.

நோட்ஸில் பேனாவால் அடித்துவிடுங்கள். பம்ப் என்பது அணையை நிரப்பும் வேலை. சிக்னல் என்பது மதகைத் திறக்கும் வேலை. பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவரும், அதற்குச் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவு. 4-இல் சொன்ன ஏற்றத்தாழ்வைக் காப்பாற்றி வைப்பது இதுதான். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ 1957-இல் நண்டின் கால் நரம்பில் இதைக் கண்டுபிடித்தார், நோபல் 1997-இல் வந்தது. பம்ப் நேரடியாக உண்டாக்கும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டுமே.

ஆதாரம் வேண்டுமா? 1960களின் தொடக்கத்தில் ஆலன் ஹாட்ஜ்கினின் குழு, கணவாய் மீனின் ஆக்ஸானுக்குள் இருந்த சரக்கைப் பற்பசை பிதுக்குவது போலப் பிதுக்கி எடுத்துவிட்டு, வெறும் பொட்டாசிய உப்புக் கரைசலை நிரப்பியது. உள்ளே பம்புக்கு எரிபொருள் கிடையாது. ஆக்ஸான் பாட்டுக்கு ஆயிரக்கணக்கில் சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது. அணையில் தண்ணீர் இருக்கும் வரை மதகு வேலை செய்யும்.

8. சரி, சிக்னல் கிளம்புற அந்த நேரத்துல என்னதான் நடக்குது?

ஏதோ ஒரு தூண்டுதலால் மைனஸ் 70 என்பது மைனஸ் 55 வாக்கில் ஏறுகிறது என்று வையுங்கள். சவ்வில் மின்னழுத்தத்தை உணர்ந்து திறக்கும் சோடியக் கால்வாய்கள் இருக்கின்றன. அவை திறக்கத் தொடங்கும். சோடியத்துக்கு உள்ளே வர இரண்டு காரணம்: வெளியே நெரிசல், உள்ளே மைனஸ். பாய்ந்து வருகிறது. வந்ததால் மின்னழுத்தம் இன்னும் ஏறுகிறது, ஏறியதால் இன்னும் பல கால்வாய்கள் திறக்கின்றன. தன்னைத் தானே ஊதிப் பெருக்கிக்கொள்ளும் இந்த ஓட்டம் ஒரு மில்லிநொடிக்குள் உள்பக்கத்தைப் பிளஸ் 30, 40 வரை கொண்டுபோய்விடும்.

அங்கே ஏன் நிற்கிறது? சோடியக் கால்வாய்க்கு இரண்டு கதவு. ஒன்று சட்டென்று திறப்பது. இன்னொன்று, திறந்த சிறிது நேரத்தில் உள்பக்கமிருந்து அடைத்துக்கொள்வது. இந்த இரண்டாவது கதவை மறந்துவிடாதீர்கள், 12-இல் வேலை இருக்கிறது. அதே சமயம், கொஞ்சம் சோம்பேறியான வேறொரு பொட்டாசியக் கால்வாய்க் கூட்டம் தாமதமாகத் திறக்கிறது. பொட்டாசியம் வெளியேற, மின்னழுத்தம் இறங்கி, மைனஸ் 70-க்கும் கொஞ்சம் கீழே போய், மெல்லப் பழைய இடத்துக்கு வருகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் செயல்நிலை மின்னழுத்தம் என்று பெயர்.

9. ஒவ்வொரு தடவையும் சோடியம் உள்ள வந்துட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல எல்லாம் கலந்துடாதா?

6-இல் சொன்ன கணக்குதான். மின்னழுத்தத்தை மாற்ற மிகக் கொஞ்சம் அயனி போதும். கணவாயின் தடித்த ஆக்ஸானில் ஒரு சிக்னலுக்கு இழக்கும் பொட்டாசியம் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. மெல்லிய ஆக்ஸான்களில் இருப்பு குறைவு என்பதால் பங்கு கூடும், அங்கே பம்புக்கும் வேலை கூடும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் நாம் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை வாங்கிக்கொள்வதற்கு இந்தப் பம்ப் செலவு பெரிய காரணம்.

10. இவ்வளவு நுணுக்கமா சொல்றீங்களே, இதையெல்லாம் யார் பார்த்தாங்க?

கணவாய் மீன் இல்லாவிட்டால் யாரும் பார்த்திருக்க முடியாது. மீன் மார்க்கெட்டில் கடம்பா என்றும் சொல்வார்களே, அதேதான். ஆபத்து வந்தால் உடம்பைச் சுருக்கித் தண்ணீரைப் பீய்ச்சிப் பாயும். அதற்கு உத்தரவு கொண்டுபோகும் ஆக்ஸான் அரை மில்லிமீட்டர், சிலசமயம் 1 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இருக்கும். நம்முடையது அதில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். ரத்தக் குழாய் மாதிரித் தெரிந்த அது உண்மையில் ஒரு ஆக்ஸான் என்று 1936-இல் எடுத்துச் சொன்னவர் ஜே. இசட். யங். 1-ஆம் கேள்வி கேட்டவர்கள் வெட்கப்பட வேண்டாம், விஞ்ஞானிகளுக்கும் அந்தக் குழப்பம் இருந்திருக்கிறது.

1939-இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் இந்த ஆக்ஸானுக்குள் மெல்லிய கண்ணாடி மின்முனையைச் செருகி உள்ளிருந்தே அளந்தார்கள். அதுவரை யூலியஸ் பெர்ன்ஸ்டைன் 1902-இல் சொன்ன கருத்துதான் பாடம்: சிக்னலின்போது சவ்வு உடைந்து மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு வரும். இவர்கள் பார்த்ததோ பூஜ்யத்தைத் தாண்டிப் பிளஸ்ஸுக்குப் போனது. சவ்வு உடைவதாக இருந்தால் அது நடக்காது. வேறு ஏதோ உள்ளே பாய வேண்டும்.

காரணத்தைத் தேடுவதற்குள் போர் வந்துவிட்டது. ஒருவர் ரேடார் வேலைக்கும் மற்றவர் பீரங்கிக் குறி வேலைக்கும் போனார்கள். திரும்பி வந்து 1952-இல் முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜின் கம்ப்யூட்டர் அப்போது வேலை செய்யாததால், கையால் சுற்றும் பிரன்ஸ்விகா கால்குலேட்டரில் ஹக்ஸ்லி வாரக்கணக்கில் உட்கார்ந்து சிக்னலின் வடிவத்தையும் வேகத்தையும் கணக்குப் போட்டார். கணக்கு, அளந்ததோடு ஒத்துப்போனது. 1963-இல் ஜான் எக்ல்ஸோடு சேர்த்து இருவருக்கும் நோபல்.

11. மெதுவா தட்டினா சின்ன சிக்னல், ஓங்கி அடிச்சா பெரிய சிக்னலா?

இல்லை. சரவெடியை மெதுவாகப் பற்றவைத்தால் மெதுவாக வெடிப்பதில்லையே. 8-இல் சொன்ன எல்லையைத் தொட்டால் முழு சிக்னல், தொடாவிட்டால் ஒன்றுமில்லை. பலத்தைச் சொல்ல நரம்புக்கு இருக்கும் வழி எண்ணிக்கை: மெல்லத் தொட்டால் நொடிக்குச் சில, அழுத்தினால் நூற்றுக்கும் மேல். கூடவே, அதிக நரம்பிழைகளும் சேர்ந்துகொள்ளும். 1920களில் எட்கர் ஏட்ரியன் ஒற்றை நரம்பிழையின் சிக்னலைப் பதிவு செய்து இதைக் காட்டினார்.

உடனே அடுத்த கேள்வி வரும்: எல்லா சிக்னலும் ஒரே மாதிரி என்றால், இது வெளிச்சம், இது சத்தம் என்று மூளைக்கு எப்படித் தெரியும்? எந்த வழியாக வந்தது என்பதை வைத்துத்தான். கண்ணை மூடிக்கொண்டு இமையோரம் லேசாக அழுத்திப் பாருங்கள், இருட்டில் வெளிச்ச வளையம் தெரியும். அழுத்தியது விரல், ஆனால் கண் நரம்பு வழியாக வந்ததால் மூளை அதை வெளிச்சம் என்றே எடுத்துக்கொள்கிறது.

12. பக்கத்து இடத்தைத் தூண்டும்னா, வந்த வழியையும் தூண்டுமே. ஏன் திரும்பி வரலை?

அந்த இரண்டாவது கதவு. ஒருமுறை வெடித்த இடத்தில் சோடியக் கால்வாய்கள் அடைபட்டிருக்கும், மின்னழுத்தம் கீழே இறங்கி வந்த பிறகுதான் பழைய நிலைக்கு வரும். ஏறத்தாழ 1 மில்லிநொடி, என்ன செய்தாலும் அந்த இடம் மறுபடி வெடிக்காது. அதற்குள் சிக்னல் முன்னால் போயிருக்கும். ஒரு நரம்பிழையால் நொடிக்கு ஆயிரத்துக்கு மேல் பொதுவாக அனுப்ப முடியாததற்கும் இதுவே காரணம்.

ஆனால் ஆக்ஸானுக்குத் திசை என்று ஒன்று பிறவியிலேயே கிடையாது. நடுவில் தூண்டினால் இரண்டு பக்கமும் ஓடும். சரவெடியை நடுவில் பற்றவைத்த குறும்புக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

13. முழங்கையை இடிச்சுக்கிட்டா சுண்டு விரல் வரைக்கும் கரண்ட் அடிக்குதே, அது ஏன்?

அது நிஜமாகவே நடுவில் பற்றவைத்த சரவெடி. அல்நார் என்ற நரம்பு முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால், ஏறக்குறைய வெறும் தோலின் அடியில் போகிறது. இடி நேராக நரம்பின் மேல் விழுகிறது. 12-இல் சொன்னபடி சிக்னல் இரண்டு பக்கமும் கிளம்பும். மேலே போவதைப் பார்க்கும் மூளை, அந்த நரம்பிழைகள் வழக்கமாகச் சுண்டு விரலிலிருந்தும் மோதிர விரலின் பாதியிலிருந்தும்தான் செய்தி கொண்டுவரும் என்பதால், விரலில்தான் ஏதோ நடந்தது என்று முடிவு கட்டுகிறது.

14. வேகம் எவ்வளவு? கரண்ட் வேகமா?

அதன் பக்கத்தில்கூட வர முடியாது. 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் முதன்முதலாக அளந்தபோது கிடைத்தது நொடிக்குச் சுமார் 27 மீட்டர், நம் எக்ஸ்பிரஸ் ரயில் வேகம். இதை அளக்கவே முடியாத அளவுக்கு வேகமாக இருக்கும் என்பது அவருடைய ஆசிரியர் யோகானஸ் முல்லரின் எண்ணமாக இருந்தது. நம் உடலில் மிக வேகமானவை நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும், மெதுவானவை 1 மீட்டர் வாக்கில் நடந்து போகும்.

இதை வீட்டில் இருட்டில் கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டவர்கள் எல்லாருமே அளந்திருக்கிறார்கள். முதலில் 'சுரீர்'. அப்புறம் ஒரு நொடி கழித்து, வயிற்றைப் பிசையும் அந்த மந்தமான வலி. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பியவை, இரண்டாவது மெதுவான நரம்பிழையில் வந்தது.

15. மயலின் உறை போட்டா வேகம் கூடும்னு சொல்றாங்க. உறை எப்படி வேகத்தைக் கூட்டும்?

மயலின் என்பது ஆக்ஸானைச் சுற்றிப் பாய் சுருட்டியது போலப் பல சுற்று சுற்றிய கொழுப்புச் சவ்வு. உறை இருக்கும் இடத்தில் அயனி கசியாது, மின்னூட்டமும் அதிகம் தேங்காது. அங்கங்கே 1 மில்லிமீட்டர் வாக்கில் இடைவெளி விட்டு உறை இல்லாத குட்டி இடங்கள் உண்டு, ரான்வியர் கணுக்கள். சோடியக் கால்வாய்கள் அங்கேதான் குவிந்திருக்கும். வெடி கணுவில் மட்டும் நடக்கும், நடுவில் உள்ள தூரத்தை மின்புலம் சட்டென்று கடந்துவிடும். 'தாவுகிறது' என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். எதுவும் எகிறிக் குதிப்பதில்லை.

லாபம் எவ்வளவு என்று பாருங்கள். உறை இல்லாத கணவாய் ஆக்ஸான் நொடிக்கு 25 மீட்டர் போக 500 மைக்ரோமீட்டர் தடிமன் வேண்டியிருக்கிறது. உறை போட்ட தவளை ஆக்ஸான் அதே வேகத்தை 12 மைக்ரோமீட்டரில் சாதிக்கிறது. உறை இல்லாமல் நம் முதுகுத்தண்டை அமைப்பதென்றால் அது ஒரு மரத்தின் தண்டு அளவுக்கு இருக்க வேண்டியிருக்கும். இந்த உறை அழிந்தால் சிக்னல் தாமதமாகும், அல்லது பாதியில் நிற்கும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் மூளையிலும் தண்டுவடத்திலும், கியான்-பாரே நோயில் கை கால் நரம்புகளிலும் நடப்பது இதுதான்.

16. ஒரு செல் முடிஞ்சு அடுத்த செல்லுக்கு எப்படிப் போகுது? ஒயர் ஜாயின்ட் மாதிரியா?

ஜாயின்ட் இல்லை, இடைவெளி. சினாப்ஸ் என்ற அந்த இடைவெளி 20 முதல் 40 நானோமீட்டர். சிறியதுதான், ஆனால் மின்சாரம் அதைத் தாண்டாது. ஆக்ஸான் முனைக்கு சிக்னல் வந்ததும் அங்கே கால்சியக் கால்வாய்கள் திறக்கும். கால்சியம் நுழைந்ததும், உள்ளே குட்டிப் பைகளில் கட்டிவைத்திருக்கும் ரசாயனம் இடைவெளியில் கொட்டப்படும். எதிர்ப்பக்கச் செல்லில் அதற்கென்று ஏற்பிகள் உண்டு. அதில் போய் அது ஒட்டினால் அங்கே கால்வாய் திறந்து, கதை 8-இலிருந்து மறுபடி ஆரம்பிக்கும்.

இது ரசாயனம்தான் என்று காட்டியவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் இருந்த ஓட்டோ லோவி, 1921-இல். சோதனைக்கான யோசனை கனவில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். முதல் நாள் பாதித் தூக்கத்தில் துண்டுச் சீட்டில் எழுதி வைத்தது காலையில் அவருக்கே புரியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு, இம்முறை நேராக ஆய்வகத்துக்குப் போய்விட்டார். துடிக்கும் தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதை மெதுவாக்கினார், அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்துக்கு விட்டார். நரம்பு தூண்டப்படாத இரண்டாவது இதயமும் மெதுவானது. அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின்.

17. நேரா மின்சாரமாவே போயிருக்கலாமே, நடுவுல எதுக்கு இந்தச் சுத்து வேலை?

நேராகப் போகும் இடங்களும் உண்டு. சில செல்கள் நுண்குழாய்களால் ஒட்டிக்கொண்டு அயனியை அப்படியே கைமாற்றும். இதயத் தசையில் அது ஏராளம், மூளையிலும் சில இடங்களில் இருக்கிறது. வேகம் அதிகம், தாமதம் கிட்டத்தட்ட இல்லை.

ஆனால் மின் இணைப்பு பெரும்பாலும் வந்ததைத் தள்ளிவிடும், அவ்வளவுதான். ரசாயன இணைப்பு அரை மில்லிநொடி தாமதமானாலும், "அனுப்பு" என்றும் சொல்லும், "அனுப்பாதே" என்றும் சொல்லும். ஒரு செல்லின் மேல் ஆயிரக்கணக்கான இணைப்புகள் இப்படி ஆமாம், இல்லை என்று கத்திக்கொண்டிருக்க, எல்லாம் கூட்டிக் கழித்து எல்லையைத் தொட்டால்தான் அது வெடிக்கிறது. எந்த இணைப்பின் குரல் பலக்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதும் பழகப் பழக மாறும். நாம் எதையாவது கற்றுக்கொள்வது பெரும்பாலும் இந்த மாற்றத்தால்தான்.

18. பாம்பு கடிச்சா 'நரம்பு விஷம்'னு சொல்றாங்களே, அது எங்க போய் வேலை செய்யுது?

சரியாக 16-இல் சொன்ன இடத்தில், நரம்பும் தசையும் சேரும் சினாப்ஸில். நாகப்பாம்பின் விஷம் எதிர்ப்பக்க ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அசிட்டைல்கோலின் வந்தாலும் உட்கார இடமில்லை. கட்டுவிரியன் விஷத்தின் முக்கியப் பகுதி இந்தப் பக்கம், அதாவது ரசாயனம் கொட்டும் ஆக்ஸான் முனையையே சிதைக்கும். முடிவு ஒன்றுதான்: இமை தொங்கும், விழுங்க முடியாது, மூச்சுத் தசை நின்றுவிடும். சிதைந்த முனை புதிதாக வளர நாளாகும் என்பதால், கட்டுவிரியன் கடியில் மருந்து ஏற்றிய பிறகும் சிலருக்கு வென்டிலேட்டர் வேண்டியிருக்கிறது. அதன் கடி பல நேரம் வலிக்காது. இரவில் தரையில் படுத்தவருக்குக் காலையில் இமை தொங்கினால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

மாற்று மருந்து செய்ய வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில், மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் முக்கியமானவர்கள்.

இதற்கு நேர்மாறானது ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை வெட்டிப்போடும் நொதியை அது முடக்கிவிடும், சிக்னல் நிற்கவே நிற்காது. வாயில் நீர் ஒழுகுவதும் தசை துடிப்பதும் அதனால்தான்.

19. பல் டாக்டர் ஊசி போட்டதும் மரத்துப் போகுது. நரம்பு செத்துப்போச்சா?

சாகவில்லை. அந்த ஊசியில் இருக்கும் லிடோகெய்ன் என்ற மருந்து சோடியக் கால்வாயை உள்பக்கமிருந்து அடைத்துக்கொள்கிறது. பல் நரம்பு கத்த முயல்கிறது, சரவெடி அந்த இடத்தில் அறுந்திருக்கிறது. மருந்து ரத்தத்தில் கரைந்து போனதும் எல்லாம் பழையபடி. பேத்தை மீனில் இருக்கும் டெட்ரோடோடாக்சின் அதே கால்வாயை வெளியிலிருந்து அடைக்கும். ஒரு இடத்தோடு நிற்காமல் உடம்பு முழுக்கப் பரவுவதால் அது கொல்லும்.

20. சம்மணம் போட்டு உட்கார்ந்தா கால் மரத்துப் போறதும் அதேதானா?

இல்லை. அங்கே அமுங்குவது நரம்பும், நரம்புக்கே ரத்தம் கொடுக்கும் மிக மெல்லிய குழாய்களும். ஆக்சிஜன் குறைய, சிக்னல் கடத்துவது நிற்கிறது. காலை நீட்டியதும் திரும்ப உயிர்பெறும் நரம்பிழைகள் கொஞ்ச நேரம் யாரும் தூண்டாமலே தாறுமாறாக வெடிக்கும். எறும்பு ஊர்வது போல, ஊசி குத்துவது போல இருப்பது அந்த நேரம்தான். உட்காராமலே அடிக்கடி மரத்தால், முதலில் சர்க்கரையைப் பாருங்கள், பி12-ஐயும் பாருங்கள். "நரம்புத் தளர்ச்சிக்கு" என்று சுவரில் விளம்பரம் எழுதும் டானிக்கை வாங்க வேண்டாம்.

21. தாத்தாவுக்கு சோடியம் குறைஞ்சுபோச்சுன்னு அட்மிட் பண்ணாங்க. குழப்பமா பேசினார். சிக்னலுக்குச் சோடியம் பத்தலையா?

நல்ல ஊகம், ஆனால் காரணம் அதுவல்ல. ரத்தத்தில் சோடியம் 135-145 இருக்க வேண்டும். 115-க்கு இறங்கினாலும் சிக்னல் உண்டாக அது தாராளம். பிரச்சினை தண்ணீர். வெளியே உப்பு குறைந்தால் தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கவைக்கும், மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை. அதனால்தான் குழப்பமும் வலிப்பும். இதற்கு வீட்டில் உப்புக் கரைசல் கொடுத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். வேகமாக ஏற்றினாலும் மூளைக்கு ஆபத்து என்பதால் டாக்டர்களே அளந்து அளந்துதான் ஏற்றுவார்கள்.

பொட்டாசியம் கதை வேறு. வெளியே இருப்பதே 4, 5தான் என்பதால், அது 7 ஆனால் 4-இல் சொன்ன சமநிலையே நகர்ந்துவிடும். முதலில் தடுமாறுவது இதயம்.

22. ஷாக் அடிச்சா ஏன் கையை எடுக்க முடியறதில்ல?

வெளியிலிருந்து வரும் மின்சாரம் சவ்வின் மின்னழுத்தத்தை எல்லைக்குத் தள்ளிவிடுகிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, தசை இளகவே நேரம் கிடைக்காது. விரலை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை என்பதால் கை கம்பியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மூளை "விடு" என்று அனுப்புவது இந்தக் கூச்சலில் எடுபடாது. காப்பாற்றப் போகிறவர் முதலில் மெயினை அணைக்க வேண்டும்.

23. மூளை 20 வாட்ஸ்னு படிச்சேன். அதுல போன் சார்ஜ் போடலாமா?

வருடத்துக்கு ஒரு பையனாவது கேட்பான். 20 வாட் என்பது மூளை சாப்பிடுவது, கொடுப்பது அல்ல. தலைக்கு வெளியே மின்முனை ஒட்டினால் கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ட் மட்டுமே. ஹன்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையிலிருந்து அதைப் பதிவு செய்தபோது பலரும் நம்பவில்லை, அவ்வளவு சின்ன சிக்னல். செல்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்பதால் ஒன்றின் மின்சாரத்தை இன்னொன்று கழித்துவிடுகிறது.

ஒரே திசையில் வரிசையாக அடுக்கினால்? தென்னமெரிக்க ஆறுகளில் உள்ள மின்விலாங்கு அதைத்தான் செய்கிறது. தசையிலிருந்து மாறி வந்த தட்டையான செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 150 மில்லிவோல்ட், ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக. எல்லாம் ஒரே நேரத்தில் சோடியத்தை உள்ளே விட்டால் நூற்றுக்கணக்கான வோல்ட். 2019-இல் புதிய இனம் என்று அறிவிக்கப்பட்ட ஒரு மின்விலாங்கில் 860 வோல்ட் அளந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் எலக்ட்ரோபோரஸ் வோல்டாய். மின்சாரம் தவளையில் இல்லை என்று கால்வானியோடு சண்டை போட்ட அதே வோல்டாதான். அவருடைய முதல் பேட்டரியும் இந்த மாதிரி மீனைப் பார்த்து அடுக்கியதுதான், 'செயற்கை மின்னுறுப்பு' என்று அவரே அதற்குப் பெயர் வைத்திருந்தார்.